தக்காளியால் பழக்கிய பந்து

போன கிழமை ஜான்-டலோன் சந்தையில் பச்சைத் தோலுள்ள ஒரு பெரிய வத்தகப்பழம் விழுந்து உடைந்தது. லொறியின் மேல் நின்றவன் எறிய, கீழே நின்ற பெண் இரண்டு கையையும் விறைப்பாக நீட்டிப் பிடிக்கப் பார்த்தாள். பழம் கையில் பட்டுத் துள்ளி நிலத்தில் சிதறியது. அந்தக் குளிர்ந்த சிவப்பு மணம் மூக்கில் ஏறியதும், கீரை வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். அவளிடம் போய், “பிள்ளை, கையை விறைக்காதை” என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் நான் யாரிடமும் முந்திக்கொண்டு கதைக்கிறவள் அல்ல. கடைக்காரன் மிச்சக் காசு குறைத்துத் தந்தாலும் பேசாமல் வருகிறவள். பேசாமல்தான் வந்தேன்.

அதே சந்தையில், அதே மாதிரியான லொறிக்குக் கீழே நானும் நின்றிருக்கிறேன். மொன்றியலுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை அதுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறென்ன கொடுப்பார்கள்? முதல் நாளே மூன்று பழம் உடைத்தேன். பக்கத்தில் நின்ற நம்மூர் அண்ணை ஒருவர்தான் சொல்லித் தந்தார்.

“தங்கச்சி, மறிக்கக் கூடாது. அது வாற பக்கமே கையும் கூடப் போகவேணும். பிறகு அது தானா நிக்கும்.”

அவர் சொன்னபடி செய்தேன். பிறகு என் கையில் ஒரு பழமும் உடையவில்லை. ஒருநாள் இந்தப் பாடம் எனக்கு வேறொரு இடத்தில் உதவும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பனிக்காலத்தில் சந்தையில் ஆள் குறைப்பார்கள். அப்போது சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தைத் துடைக்கப் போவேன். அங்கே ஒன்பது மணிக்கு அயர்லாந்துப் பெண்கள் சிலர் ஹர்லிங் என்ற தங்கள் ஊர் ஆட்டம் பழக வருவார்கள். பெண்கள் ஆடினால் அதற்கு வேறு பெயராம். எனக்கு நாக்கில் வந்தது ஹர்லிங்தான், அப்படியே இருக்கட்டும். இடுப்புயர மரத்தடி, நுனி அகப்பை மாதிரி அகலமாக இருக்கும். பந்து உள்ளங்கையில் அடங்கும் சின்னத் தோடம்பழம் அளவு, தோல் போட்டுத் தைத்தது, ஆனால் கல். அந்தக் கல்லைத் தடியால் அடித்து, தடியால் வாங்கி, தடியிலேயே ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். அவர்கள் வாங்குகிற விதம் பார்க்கப் பாவமாக இருக்கும். பந்து தடியில் பட்டதும் டக்கென்று நாலடி துள்ளிப் போகும், எதிராளி எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள்.

ஒருநாள் பந்து ஒன்று சுவரில் பட்டு என் பக்கம் பறந்து வந்தது. கையில் துடைப்பத்தடி. யோசிக்கவில்லை, தடியை நீட்டி, பந்தோடு கூடவே பின்னுக்கு இழுத்தேன். பந்து என் காலடியில் நித்திரைக்குப் போனதுபோல் கிடந்தது. நோரா ஓடி வந்தாள். அவள்தான் அந்த அணிக்குத் தலைவி, ஆஸ்பத்திரித் தாதி, உரத்த சிரிப்புக்காரி. “இன்னொரு தரம் செய்” என்றாள். செய்தேன். “எங்களுக்குக் காட்டித் தா” என்றாள்.

என் ஆங்கிலம் அப்போது ‘யெஸ்’ஸும் ‘நோ’வும் ‘ஸொறி’யும்தான். வாயால் காட்ட வழியில்லை. அடுத்த சனிக்கிழமை சந்தையில் எறியப் போட்ட கனிந்த தக்காளி ஒரு பெட்டி கொண்டுபோனேன். பெண்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் மெல்ல எறிந்தேன். தடியில் வாங்க வேண்டும், தோல் வெடிக்கக் கூடாது. முதல் நாள் மண்டபம் முழுக்கச் சாறு. சிரித்துச் சிரித்து விழுந்தார்கள். துடைப்பவளும் நான்தானே, எனக்கென்ன பயம்? மூன்றாம் கிழமை பாதித் தக்காளி முழுசாகத் தப்பியது. நாலாம் கிழமை பந்து. “கூடப் போ, கூடப் போ” என்று நான் கத்துவேன். கொஞ்ச நாளில் அவர்களும் ஒருவருக்கொருவர் “கூடப் போ!” என்று கத்தத் தொடங்கினார்கள். சத்தம் போட்டுக் கதைக்காத நான், கத்தினேன் என்று எழுதியிருக்கிறேன். உண்மைதான். அந்த மண்டபத்துக்குள் எனக்கு வேறு தொண்டை.

ஆள் குறைந்த ஒருநாள் என்னையும் இறக்கினார்கள். நிலத்தில் கிடக்கும் பந்தைக் கையால் எடுப்பது குற்றம், தடியால்தான் கிளப்ப வேண்டும். சந்தைக்காரிக்கு விழுந்ததைக் கண்டால் கை சும்மா இருக்குமா? இரண்டு தரம் குனிந்து பொறுக்கினேன், இரண்டு தரமும் விசில். அதோடு என் ஆட்டம் முடிந்தது.

வீட்டில் இவர் சிரித்தார். “உனக்கென்ன விசரே? வெள்ளைக்காரப் பொம்பிளையளுக்கு நீ பந்து பழக்கிறியே?”

“ஓம், பழக்கிறன்.”

“ஆர் உன்னைக் கேட்டது?”

“அவையள்தான் கேட்டவை.”

இளவேனிலில் ரொறன்ரோ அணியோடு ஆட்டம் என்று முடிவான பிறகு, ஹர்லிங் கழகத்துத் தலைவர் பிரெண்டன் வந்தார். புதிதாகச் சேர்ந்த ஒருத்திக்கு எறிந்து வாசலில் நசிந்து கிடந்த தக்காளியில் சறுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். தொடக்கமே சரியில்லை. அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

“இது மண்டபமா, குசினியா? இந்தப் பெண்ணிடம் பயிற்சியாளர் பத்திரம் இருக்கிறதா? எப்போதாவது ஆடியிருக்கிறாளா?”

“கால் மணித்தியாலம் ஆடியிருக்கிறாள்” என்றாள் நோரா. பெண்கள் சிரித்தார்கள். பிரெண்டன் சிரிக்கவில்லை. இன்றோடு இவள் நிற்க வேண்டும், வேண்டுமென்றால் பந்து பொறுக்கித் தரட்டும் என்றார்.

என் முகம் சுட்டது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. வாழ்க்கை முழுக்க அப்படித்தான் போயிருக்கிறேன். ஆனால் பந்து பொறுக்கச் சொன்னது பொறுக்கவில்லை. சுவரருகே சாத்தியிருந்த தடி ஒன்றை எடுத்தேன்.

“யூ ஹிட் டென். ஐ ஸ்டொப்” என்றேன்.

நோரா என் கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டினாள். பிரெண்டன் பதினைந்து அடி தள்ளி நின்று அடித்தார். மெல்ல அடிப்பார் என்று நினைத்தது என் பிழை. முதல் நாலையும் நிறுத்தினேன். ஐந்தாவது என் இடது சின்னவிரலில் பட்டது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். அவர் தடியைத் தாழ்த்தினார். நான், “ஹிட்” என்றேன். கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை. பத்து முடிந்தபோது ஏழு நின்றிருந்தது, மூன்று போயிருந்தது.

“ஏழு பத்தில்லையே” என்றார்.

“சரி, இப்ப நீங்கள் நில்லுங்கள், நான் அடிக்கிறேன்” என்றாள் நோரா. அவர் நிற்கவில்லை.

சட்டம் சட்டம்தான் என்றார். ஆட்டத்துக்குக் கொடுக்கிற படிவத்தில் பயிற்சியாளர் என்ற இடத்தில் நோராவின் பெயரை எழுதினார். நான், “நேம், எனி நேம். சட்டர்டே நைன், ஐ கம்” என்றேன். அடுத்த சனிக்கிழமை விரலில் கட்டோடு போனேன். பெண்கள் எல்லோரும் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். ரொறன்ரோவிடம் தோற்றோம். ஆனால் அன்று எங்கள் தடியில் பட்ட பந்து துள்ளவில்லை. ஆறு பனிக்காலம் பழக்கினேன். ஒரு படிவத்திலும் நான் இல்லை. பந்தோடு கூடப் போகச் சொல்லிக் கொடுத்தவள், பிரெண்டனோடு மட்டும் ஒருநாளும் கூடப் போகவில்லை.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இடிபட்டு, கண்ணாடி மாடிவீடுகள் நிற்கின்றன. நோரா அயர்லாந்துக்குத் திரும்பிப் போய், அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். ஒருத்தி நகரத்துக்கு மேற்கே கர்க்லாண்டில் இருக்கிறாளாம், மற்றவர்கள் எங்கே என்று தெரியாது. வீட்டில் இப்போது இவரும் இல்லை. பிரெண்டன் இருக்கிறாரோ, நான் விசாரிக்கவில்லை.

போன மாசி மாதம் இரண்டு பஸ் மாறி, கழகம் இப்போது பழகுகிற புது மண்டபத்துக்குப் போனேன். செயற்கைப் புல், பெரிய விளக்குகள். கழுத்தில் விசிலோடு ஒரு இளம்பெண் ஓடி வந்தாள்.

“பொன்ஜூர் மதாம்! யாரைப் பார்க்க வந்தீர்கள்?”

“ஒருவரையும் இல்லை. நான் இங்கே பயிற்சியாளராக இருந்தவள்.”

அவள் என் சேலையையும் பனிச்சப்பாத்தையும் பார்த்தாள். இனிமையாகச் சிரித்துவிட்டுப் போய், பார்க்க வருபவர்களுக்கான மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள். நல்ல பிள்ளை. என் முழங்காலுக்கும் அது வேண்டியதுதான்.

“மெர்சி” என்று நன்றி சொன்னேன். கதிரையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, ஆடுகளத்து ஓரம் பயிற்சியாளர் நிற்கிற வெள்ளைக் கோட்டருகே போய், பயிற்சி முடியும்வரை ஒரு மணித்தியாலமும் நின்றேன்.