ரூபீனாவின் பிசகாத மிக்ஸ்

ரூபீனாவுக்குத் தொண்டைதான் சோறு போட்டது. பகலெல்லாம் தி.நகர் துணிக்கடை வாசலில் மைக்கைப் பிடித்து, "வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க" என்று கூவுவாள். சாயங்காலம் வரவேற்பு, காதுகுத்து என்று டீஜே வேலை. கடையில் மைக்கை அணைத்தால் முதலாளி முறைப்பார். அந்தப் பழக்கத்தில் டீஜே மேசையிலும் அவள் மைக்கை அணைப்பதே கிடையாது.

அடையாறில் ஒரு மொட்டைமாடி உணவகத்துக்குச் சனிக்கிழமைதோறும் பாட்டுப் போட ஆள் வேண்டியிருந்தது. அது கிடைத்தால் வெயிலில் கூவுவதை விட்டுவிடலாம். பாட்டுகளை இடைவெளியில்லாமல் கோத்து ஒரு மணி நேர மிக்ஸ் அனுப்பச் சொன்னார் மேனேஜர் தனபாலன். மந்தைவெளி வீட்டில் ஒரே மூச்சில் பதிவு செய்தவள், அனுப்பும் பொறுப்பைப் பள்ளிக்கூடத் தோழன் மயிலாப்பூர் கிச்சாவிடம் விட்டாள். விளம்பரங்களுக்கு ஒலி சேர்ப்பவன் அவன்.

"சத்தத்த மட்டும் ஏத்தி எறக்கு. வேற எதையும் தொடாத" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அவன் அனுப்பி முடித்த பிறகு கேட்டுப் பார்த்தவள் பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டப்பாங்குத்திலிருந்து புதுப் பாட்டுக்குத் தாவும் இடத்தில் கை பிசகி இரண்டு தாளமும் முட்டிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. இங்கே வழுவழுவென்று போகிறதே. மேற்கொண்டு கேட்காமல் பாட்டை நிறுத்திவிட்டு அவனுக்குப் போன் போட்டாள்.

"இன்னா பண்ண நீ?"

"ஒண்ணும் பண்ணலையே. உனக்குப் பிரமை."

"என் கை எங்க பிசகுச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

அவன் சிரித்துவிட்டான். "சாஃப்ட்வேர்ல ஒரே ஒரு இழுப்பு. எல்லாரும் பண்ணிண்டுதான் இருக்கா. பாடறவா சுருதியத் திருத்தலையா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது. "இன்னும் எங்கெங்க கை வெச்ச?"

"அம்மா சத்தியமா அந்த ஒரே இடம்."

மறுநாள் தனபாலன் கூப்பிட்டார். "ஏம்மா, பாட்டு நல்லாத்தான் போகுது. நடுவுல 'ச்சை, கை போச்சு'ன்னு சொல்லுதீங்களே, என்ன போச்சு?"

அணைக்காத மைக்கில் அவள் முணுமுணுத்தது தனித் தடத்தில் பதிவாகியிருந்தது. பாட்டைத் திருத்திய கிச்சா அதை வெட்ட மறந்துவிட்டான். பூனை தட்டிவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அங்கே போய் நின்று நேரில் பிசகினால் எந்தப் பூனையைக் காட்டுவது?

"தாளம் முட்டிக்கிச்சு சார். ஃப்ரெண்டு திருத்திட்டான். அசல அனுப்புறேன்."

அசலைக் கேட்ட பிறகும் அவர் சந்தேகம் தீரவில்லை. "இந்தப் பிசகை நீங்களே சேத்திருக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"தப்ப யாராச்சும் சேப்பாங்களா சார்?"

"யோக்கியமாத் தெரியணும்னு சேப்பாங்க. போன தடவை வந்தவன் தேன் மாதிரி அனுப்பினான். நேர்ல வந்து ஜெனரேட்டர் மாதிரி உறுமினான். சனிக்கிழமை வாங்க, என் கண்ணு முன்னாடி போடுங்க."

சனிக்கிழமை, தாளத்தைத் தானாகச் சேர்க்கும் பொத்தான் எது என்று கேட்டு, அதன்மேல் கறுப்பு டேப்பை அவரே ஒட்டினார். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டார். ரூபீனாவுக்கு ஓரிடத்தில் பிசகியது. பாட்டைச் சுழற்றும் சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துச் சட்டென்று நேராக்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. தனபாலன் மட்டும் குனிந்து மேசைக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடுத்த வாரமும் வாங்க. நானும் இங்கனயேதான் நிப்பேன்."

"நில்லுங்க சார்" என்றாள் ரூபீனா. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. முழங்கை இடிக்குது."