மாமியின் வலக்கை

காலையில் பால்காரர் வந்துபோன சத்தம் அடங்கியதும் மாமி ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுப்பார்கள். இடக்கையால் வலக்கையைத் தூக்கி ஜன்னல் கம்பியில் மாட்டுவார்கள். விரல்கள் பற்றாமல் நழுவி விழும். மறுபடியும் தூக்கி மாட்டுவார்கள். வியர்த்துக் களைத்துப் போகும்வரை அது நடக்கும். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் விரல்கள் கம்பியைச் சற்றே வளைத்துப் பிடித்தன. அன்று மாமி என்னைக் கூப்பிடவில்லை. நான் பார்க்கிறேனா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

மாமி என் கணவரின் தாய். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் விதவையாகக் கைக்குழந்தையோடு பம்பாய் வந்து, ஆஸ்பத்திரியில் நர்ஸாக உழைத்து மகனை ஆளாக்கியவர்கள். ஓய்வுபெற்ற கொஞ்ச நாளிலேயே பக்கவாதம் வந்து வலப்பக்கத்தை முடக்கி, பேச்சையும் ஓரிரு சொல்லாகக் குறைத்துவிட்டது. அது அறுபதுகளின் நடுப்பகுதி. திலக் நகரில் ஓர் அறையும் சமையற்கட்டும்தான் எங்கள் வீடு. நான் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. நான் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் மாமியைப் பார்த்துக்கொள்ள ஒரு மராட்டிய ஆயாவை வைத்திருந்தோம். அவளுக்கும் மருந்துக்கும் கொடுத்தது போக வீட்டுக்கு மிஞ்சியது போதவில்லை. நான் வேலையை விட்டுவிட்டால் ஆயா தேவையில்லை என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். மாமியின் தலைமாட்டில் உட்கார்ந்துதான் அதைப் பேசினோம். மாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கணவரின் ஆபீஸில் ஒருவர் அந்தச் சலுகையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். உடல் நிரந்தரமாக முடங்கிப்போன பெற்றோரை வைத்துப் பார்ப்பவர்களுக்கு வருமான வரியில் கழிவு உண்டாம். டாக்டர் சர்ட்டிபிகேட் மட்டும் வேண்டும். அது கிடைத்தால் ஆயாவை நிறுத்த வேண்டாம், நானும் வேலையை விட வேண்டாம். கணவர் அன்று படியேறி வந்த வேகத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து நாங்கள் வந்த பிறகு டாக்டர் வீட்டுக்கு வந்தார். மாமியின் வலக்கையை உயரத் தூக்கி, பிடியை விட்டார். கை உடனே விழவில்லை. நடுங்கிக்கொண்டு ஒரு கணம் நின்று, மெல்ல இறங்கியது. மாமியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

டாக்டர் கணவரிடம் இங்கிலீஷில் பேசினார். "கொஞ்சம் அசைவு திரும்புகிற மாதிரி இருக்கிறது. நிரந்தரம் என்று நான் எப்படி எழுதுவது?"

கணவரும் இங்கிலீஷிலேயே சொன்னார்: "அப்படியானால் என் மனைவி வேலையை விட வேண்டியதுதான், டாக்டர்."

வெள்ளைக்கார டாக்டர்களிடம் வேலை பார்த்தவர்கள் மாமி. அவர்களுக்கு இங்கிலீஷ் புரியும் என்பது அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் நினைவில்லை.

"சரி, இன்னொரு தடவை பார்ப்போம்" என்று டாக்டர் கையை மறுபடி தூக்கினார். மாமி என்னைப் பார்த்தார்கள். டாக்டர் விட்டதும் கை கட்டில் சட்டத்தில் மோதிக் கட்டையாக விழுந்தது. அவர் குண்டூசியை எடுத்து உள்ளங்கையில் குத்தினார். மாமியின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ஆனால் போர்வைக்கு அடியில் இடக்கை மெத்தை விரிப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தது; நான் நின்ற பக்கத்திலிருந்து மட்டும் அது தெரிந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் மாமியின் முகத்தையே பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

அவர் படியிறங்கியதும் நான் பார்த்ததைக் கணவரிடம் சொன்னேன். அவர் கட்டிலருகே முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா இப்படிச் செஞ்சிய? எனக்கு அது வேண்டாம்மா. இப்பமே கிழிச்சுப் போட்டுருதேன்."

மாமி இடக்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். கோணிய வாயிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"புள்ள... வேலைக்கு... போட்டும்."

அவர் கிழிக்கவில்லை. நானும் கிழிக்கச் சொல்லவில்லை. கழிவு கிடைத்தது, ஆயாவும் நீடித்தாள். நாங்கள் இருவரும் எவ்வளவோ கெஞ்சியும் மாமி அதன்பின் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. யாராவது பார்த்துவிட்டால் மகனுக்கு வம்பு வரும் என்று பயந்தார்களா, அல்லது டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டதை உடம்பே நம்பிவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. நான் தைலம் தேய்த்து விரல்களை நீவிவிடக் கையைக் கொடுப்பார்கள். தாங்களாக அசைக்க மாட்டார்கள். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகின.

அடுத்த மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கியது. கொஞ்ச நாளில் மாமி போய்விட்டார்கள். குளிப்பாட்டும்போது ஆயா அந்த விரல்களை விரிக்கப் பார்த்தாள். "நஹீ குல்தா, பாயி" என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தாள். திறக்காதுதான். அப்படியே வெள்ளைத் துணியில் சுற்றினோம்.

அடக்கம் முடிந்த அந்த வாரமே கொட்டும் மழையில் பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போனேன். இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. ஓய்வுபெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தேன். உடம்புக்கு முடியாத நாட்களிலும் லீவு எடுக்க மனம் வந்ததில்லை.