வளைவில் ஊர்ந்த டம்பர்

சுரங்க லாரிகளின் வேகத்தைக் கணிப்பது என் வேலை. கச்சிபௌலி ஐடி பகுதியில், எட்டாவது மாடியில் அலுவலகம். ஒரு டம்பர் குழிக்குள் இறங்கி, நிலக்கரியை ஏற்றிக்கொண்டு மேலே வந்து, கொட்டிவிட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகும்? சாலைச் சரிவு, எடை, என்ஜின் சக்தி எல்லாம் வைத்து நான் சொல்லும் பதிலின்மேல்தான் சுரங்கத்தின் மாதத் திட்டம் நிற்கும்.

ஒரு சுரங்கத்தில் என் கணிப்பும் வண்டிகளின் ஜிபிஎஸ் பதிவும் நன்றாகவே பொருந்தின. ஒரே ஒரு டம்பர் மட்டும், காலை ஷிஃப்டில் காலியாக இறங்கும்போது ஒரு வளைவில் ஊர்ந்தது. வண்டியில் பழுதில்லை என்றார்கள். 'ஓட்டுநரின் மந்தம் காரணமாகலாம்' என்று அறிக்கையில் எழுதிவிட்டு, மகளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்கு ஓடினேன்.

அடுத்த மாதம் அந்தச் சுரங்கத்துக்குப் போனேன். என் அறிக்கையைக் காட்டி, அந்த ஓட்டுநரை வண்டியிலிருந்து இறக்கி ஸ்டோர்ஸில் உட்கார வைத்திருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். செகந்திராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழர். எழுதியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "ஹவ், ஆமா மேடம், மெதுவாத்தான் போவேன். காலையில தூசி அடங்கத் தண்ணி அடிப்பாங்க. அந்த வளைவு சோப்பு மாதிரி ஆயிடும்."

"மத்தவங்க வேகமாத்தானே போறாங்க?"

"அவங்களுக்கு இன்னும் வழுக்கல. எனக்கு ஒரு தடவ வழுக்கிச்சு. ஓரத்து மண்மேட்டுல மோதி நின்னுச்சு வண்டி. அதோட வேகம் நக்கோ, வேணவே வேணாம்னு விட்டுட்டேன்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க?"

மறுநாள் காலை, தண்ணீர் டேங்கர் போன கையோடு சுரங்க ஊழியர் ஒருவர் ஓட்டிய ஜீப்பில் அந்த வளைவு வழியாகக் கீழே இறங்கினோம். ஜீப்பே ஒரு பக்கமாகச் சறுக்கியது. ஓட்டியவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். கீழே குழி தெரிந்தது.

திரும்பி வந்து, அந்த வளைவுக்கு எல்லா வண்டிகளுக்கும் ஈரத் தரையின் வேகத்தையே வைத்தேன். மாதத் திட்டம் குறைந்தது.

"ஒரு டிரைவருக்காக மொத்த பிளானையும் குறைப்பீங்களா?" என்றார் என் மேலாளர்.

"முன்னாடி நான் எழுதினது தப்பு சார். இதுதான் நிஜமான வேகம்."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அறிக்கை போயிற்று; அந்தப் பழைய வரி தவறு என்பதையும் அதில் எழுதியிருந்தேன். சில வாரங்களில் சுரங்கத்தில் வளைவுக்குச் சரளை போட்டார்கள். டேங்கர் அங்கே இடைவெளி விட்டுவிட்டுத் தண்ணீர் தெளித்தது.

ஒருநாள் மதியம் அந்த ஓட்டுநர் போன் செய்தார். "அக்கா, வண்டி குடுத்துட்டாங்க."

ஸ்டோர்ஸில் கழிந்த அந்த வாரங்களுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார். "வீட்ல என்ன தப்பு பண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இப்ப தப்பு என்னுது இல்லன்னு சொல்லிட்டேன்."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று போனை வைத்துவிட்டார்.