ஸ்டீரிங் இல்லாத கார்

என் இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு கார் கிடக்கிறது. ஷிப்ட் ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த கார். பின்சக்கரம் இரண்டும் கல்யாண அண்டா அளவு, முன்சக்கரம் இரண்டும் தோசைக்கல் அளவு. பானெட்டைப் பிளந்துகொண்டு என்ஜின் வெளியே துருத்தியிருக்கும், குழாய்களில் நெருப்பு பறக்கும், முன்விளக்குகள் திருதிருவென்று விழிக்கும். பேரப்பிள்ளைகளிடம் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதனால்தான் காட்டுவதில்லை.

வரைந்தவரை நாங்கள் டிரைவர் என்றே கூப்பிட்டோம். கார் டிரைவர் அல்ல. அறுபதுகளில், ஊரிகம் பக்கத்துத் தங்கச் சுரங்கம் ஒன்றில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டை இழுக்கிற பெரிய என்ஜினுக்கு அவர் டிரைவர். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் மணி அடிக்கிற வேலை எனக்கு. கேஜில் ஆட்கள் ஏறியதும் நான் மணி அடிப்பேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் என்ஜின் அறையில் அவர் லீவரைத் தள்ளுவார். ஆட்கள் பூமிக்குள் இறங்குவார்கள். வேலை நேரத்தில் அவரோடு யாரும் பேசக் கூடாது என்று கதவிலேயே பலகை தொங்கியது. கவனம் பிசகினால் கேஜில் இருப்பவர்கள் கதி அதோகதி என்பதால் அந்தச் சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாய் திறக்காத அந்தப் பழக்கம் அவரோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகளைக் குடியாத்தம் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் அவரும் ஒரு பென்சிலும்தான்.

ஆண்டர்சன்பேட்டைக் கடையில் பருப்பு கட்டிக் கொடுத்த வெளிநாட்டுப் பத்திரிகைத் தாளில் அப்படியொரு கேலிச்சித்திரக் காரைப் பார்த்தாராம். அன்று பிடித்த பைத்தியம். கிளப் வாசலில் நிற்கும் துரைமார் காலத்துப் பழைய கார்களை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்து, அவற்றுக்கும் பெரிய சக்கரம் மாட்டி, பல் முளைக்க வைத்து, புகை விடச் செய்வார். யாருக்கும் காட்டியதில்லை. எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் காட்டினார். எதனால் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று இன்றுவரை தெரியாது. தினமும் என் மணிச் சத்தத்தைக் கேட்டே பழகிப்போய், நாங்கள் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

ஒருநாள்தான் கவனித்தேன். அவர் வரைந்த எந்தக் காரிலும் ஸ்டீரிங் கிடையாது. அந்த இடத்தில் இரண்டு லீவர்கள், எதிரே முள் வைத்த பெரிய வட்டம். கேஜ் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் அதே வட்டம். பஸ்ஸில் போகிறவர்தான், ஸ்டீரிங்கைப் பார்க்காதவர் அல்ல. கை பழகியதைக் கை வரைந்திருக்கிறது.

"இன்னா டிரைவரே, ஸ்டீரிங்கைக் காணோம்?"

"அது இன்னாத்துக்குப்பா? நம்ம வண்டி வலது எடதா போவுது? மேல, கீழ, அவ்ளோதான்."

நான் அதோடு விட்டிருக்கலாம். அவருக்குத் தெரியாமல் ஒரு தாளை உருவிக்கொண்டுபோய் மறுநாள் கேன்டீன் சுவரில் ஒட்டினேன். நாலு பேர் மெச்சுவார்கள் என்ற அற்ப ஆசை. கேன்டீனே அதிர்ந்தது. "இந்த வண்டிக்கு மணி யாரு அடிப்பாங்க?" என்று ஒருவன் கேட்க, எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். திரும்பினால் டீ டம்ளரோடு டிரைவர் நிற்கிறார். கோபப்படவில்லை.

"ஒனக்குக் கார் ஓட்டத் தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாம இன்னா? தொரை வண்டியே ஓட்டிக்கீறேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு கேன்டீனுக்கு வரவில்லை. பிளாஸ்கில் டீ கொண்டுவந்து என்ஜின் அறையிலேயே குடித்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். மன்னிப்புக் கேட்க முற்றத்தைக் கடந்தால் போதும். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருடம் தள்ளினேன். அந்த இரண்டு வருடத்திலும் என் மணிக்கு ஒருமுறைகூட அவர் தாமதித்ததில்லை. ஒருமுறையாவது தாமதித்திருந்தால் அந்தச் சாக்கில் ஓடிப் போயிருப்பேன்.

ஓய்வு பெற்று அவர் குடியாத்தத்துக்குக் கிளம்பிய அன்று எனக்குப் பகல் ஷிப்ட். மணியை விட்டு நகர முடியாது. ஷிப்ட் முடிந்து வந்தால் என் சாப்பாட்டுத் தூக்கின் அடியில் இந்தத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ரயில் ஏறினால் அரை நாள் பயணம்கூட இல்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் இறந்துபோன செய்தி வந்துவிட்டது.

இப்போது சுரங்கம் மூடியாயிற்று, மணியும் இல்லை. பெங்களூரிலிருந்து மகன் காரில் வந்தால் முன்சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவான். திரும்பி வந்ததும் பெட்டியைத் திறந்து இந்தத் தாளை எடுத்துப் பார்ப்பேன். வலது சீட்டில் டிரைவர், வழக்கம்போல இரண்டு லீவர்களைப் பிடித்தபடி. இடது சீட்டில் என் யானைக் காதுகளோடு நான். ஸ்டீரிங்கை என் கையில் கொடுத்திருக்கிறார். பழக்கமில்லாத கை, நாலைந்து முறை அழித்து அழித்து வட்டத்தைச் சரிசெய்த தடம் தெரிகிறது. ஓட்டத் தெரிந்தவன் என்று நம்பியிருக்கிறார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கேன்டீனில் அப்படிச் சொன்ன அன்றைக்குவரை நான் எந்தக் காரிலும் ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை.