வோட்டர் பம்ப் விரிவுரைகள்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நான் பேனை பிடித்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டவள் நான். ஒரு கடிதம் எழுதுவதென்றாலும் கிழித்துப் போட்டுத்தான் எழுதுவேன். பிழை கண்டால் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

அக்காவின் மகளுக்குக் கம்பஸ், பல்கலைக்கழகம்தான், கிடைத்திருக்கிறது. தொடங்க முன்னர் எங்களோடு நிற்கவென்று உருத்திரபுரத்துக்கு வந்திருக்கிறாள். வந்தவள் இரண்டு காதிலும் எதையோ செருகிக்கொண்டு போனும் கையுமாகவே திரிகிறாள். முந்தநாள் நான் கிறீச்சிட்ட கதவுப் பிணைச்சலுக்கு மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது போனை வெளியே கேட்கும்படி வைத்தாள். ஆரோ ஒரு வெள்ளைக்காரர் மூச்சு விடாமல் இங்கிலிஷில் பொரிந்து தள்ளினார்.

"ஏன் பிள்ளை அந்த மனிசன் இப்பிடிப் பறக்குது?"

"நான்தான் சித்தி ஸ்பீடைக் கூட்டி விட்டனான். இப்பவே பழகினாத்தானே அங்கை லெக்சர் விளங்கும்."

மண்ணெண்ணெய் மணமும் இங்கிலிஷும் ஒன்றாக வந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மற்றவர்களுக்கு அந்த மணத்தில் தலையிடி வரும். எனக்கு இங்கிலிஷ்தான் ஞாபகம் வரும். காரணம் அவளுடைய அம்மாதான்.

சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம் அது. அக்காவுக்குக் கம்பஸ் கிடைத்தது. எங்கள் ஒழுங்கையில் அவள்தான் முதல் ஆள். அம்மா ஊரெல்லாம் கற்கண்டு கொடுத்து முடிப்பதற்குள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மச்சான் ஒருவர் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"அங்கை எல்லாம் இங்கிலிஷ்தான். லெக்சரர் வருவார், கதைப்பார், போவார். திருப்பிச் சொல்லார். கை பிந்தினா அவ்வளவுதான்."

அக்கா படித்ததெல்லாம் தமிழில். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. விடிந்ததும் என்னை எழுப்பி, "நீ எனக்கு லெக்சர் எடு" என்றாள்.

நான்! வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவள்தான் எனக்காகக் கை உயர்த்துவாள். ஆனால் இங்கிலிஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், பொருள்தான் தெரியாது. அது போதும் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். வாசிக்க என்ன இருக்கிறதென்று வீடு முழுக்கத் தேடினோம். பால்மா ரின்னில் நாலு வரி, மருந்துப் பெட்டிக்குள் ஒரு துண்டு. கடைசியில் அலுமாரிக்குள் அகப்பட்டது, அப்பா புதிதாக வாங்கிய, மண்ணெண்ணெயில் ஓடும் வோட்டர் பம்புடன் வந்த புத்தகம். நல்ல தடிப்பு. முழுக்க இங்கிலிஷ்.

மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது பம்புக்குக் காவல் நாங்கள்தான். கிணற்றுக்குள் விட்ட குழாயில் இலை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடும், பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்பா மண்வெட்டியோடு தூரத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிடுவார். அக்கா கிணற்றுக்கட்டோரம் கொப்பியுடன் இருப்பாள். நான் வாய்க்கால் வரம்பில் நின்று, பம்ப் சத்தத்துக்கு மேலாகக் கத்துவேன்.

"உப்பிடி ஆறுதலா வாசிச்சா லெக்சரே? கெதியாச் சொல்லடி!"

கெதியாகச் சொன்னேன். கோழி கலைக்கக்கூடக் குரல் உயர்த்தாத நான் தொண்டை கட்டுமட்டும் கத்தினேன். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா திகைத்து நின்றார்.

"என்ன பிள்ளையள், மெஷினுக்கு மந்திரம் ஓதுறியளே?"

ஒருநாள் பாடம் மும்முரமாகிக் கிணற்றை மறந்துவிட்டோம். "ஏய் புரொபசர்மார்! இங்கை தண்ணி வரேல்லை!" என்று அப்பா தோட்டத்தின் அந்தத் தொங்கலில் நின்று குளறினார்.

அக்காவின் கை நாளுக்கு நாள் வேகமாகியது. நான் வாசித்து முடிக்க அவளும் எழுதி முடித்திருப்பாள். சிவப்புப் பேனையால் திருத்துவது நான். அந்தப் பெருமையை ஏன் கேட்கிறீர்கள்! வீட்டில் எல்லாருக்கும் பயம் விட்டுப்போனது. பெட்டியும் அடுக்கியாயிற்று.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் கடைசி லெக்சர். வழமைபோலக் கொப்பியை வாங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். நடுவில் ஒரு பகுதி கொப்பியில் இருக்கிறது, புத்தகத்தில் காணவில்லை. தடவிப் பார்த்தால், எண்ணெய் பட்டு இரண்டு தாள் ஒட்டியிருந்தன. அன்று நான் தெரியாமல் தாண்டிப் போயிருக்கிறேன். நான் வாசிக்காத பக்கத்தை அக்கா ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறாள்!

அக்கா கொப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் கேட்டு எழுதேல்லையடி. பாடமாக்கிப்போட்டன்."

நாங்கள் படித்த முறை அப்படி. விடியவே எழும்பி முற்றத்தில் நடந்து நடந்து சத்தமாகச் சொல்லித்தான் எல்லாப் பாடமும். புத்தகம் என்று ஒன்று கையில் பட்டால் அது தானாக மனப்பாடமாகிவிடும். பம்ப் புத்தகத்தையும் நாள்தோறும் கேட்டுக் கேட்டு அவள் அப்படித்தான் விழுங்கியிருக்கிறாள், தனக்கே தெரியாமல்.

"அங்கை முந்தியே பாடமாக்கப் புத்தகம் தருவினமே? நான் போகேல்லை. அம்மாட்டைச் சொல்லு."

அவள் சொன்னால் செய்கிறவள். வேறு புத்தகமும் இல்லை. என்ன துணிவோ, வரம்பில் ஏறி நின்று என் தலைக்குள் இருந்த இங்கிலிஷை எடுத்து விட்டேன்.

"திஸ் இஸ் கார்டின்! சில்லி இஸ் ட்ரிங்கிங் வோட்டர்! மை ஃபாதர் இஸ் கம்மிங் வித் மண்வெட்டி! ஹி இஸ் வெரி ஆங்ரி! மை சிஸ்டர் இஸ் ஈட்டிங் ஓல் த மாங்காய்!"

அக்கா முதலில் முழித்தாள். பிறகு பேனையை எடுத்தாள். சிரித்துச் சிரித்து எழுதினாள். நான் நிறுத்தவில்லை. பம்ப் எண்ணெய் முடிந்து நின்றதைக்கூடக் கவனிக்காமல் கத்திக்கொண்டே இருந்தேன்.

"டுமாரோ யூ கோ! ஹவுஸ் இஸ் நோ சவுண்ட்! நைட் ஐ டோக் டு ஹூ?"

அக்காவின் பேனை நின்றுவிட்டது.

"எழுதக்கா!"

"எழுதேல்லை. ஆனா விளங்கிட்டுது."

வேலியோரத்தில் அம்மாவின் குரல் கேட்டது. "மெஷினே நிண்டிட்டுது, நீ ஏன்டி இன்னும் குளறுறாய்?"

பிறகு வந்த இடம்பெயர்வில் அந்தப் பம்பும் போனது, புத்தகமும் போனது. இப்போது கரண்ட் மோட்டர். சுவிச்சை அமத்தினால் தண்ணீர் வருகிறது, காவல் தேவையில்லை. அதோடு வந்தது படம் போட்ட ஒரு தாள் மட்டும், வாசிக்க ஒன்றுமில்லை. என் இங்கிலிஷும் எங்கோ தொலைந்துவிட்டது. கிளிநொச்சி ரவுணில் வெள்ளைக்காரர் வழி கேட்டால் கையை மட்டும் நீட்டிவிட்டு நடந்துவிடுவேன். வரம்பில் நின்று கத்தியவள் ஆரோ என்றிருக்கிறது.

அந்தக் கடைசி லெக்சருக்கு மறுநாள் காலை பஸ் பிந்தி வந்தது. அக்கா ஏறிப் போனாள். நான் தனியே தோட்டத்துக்குப் போய், எண்ணெய் விட்டு, பம்பைப் போட்டேன்.