ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம்

அண்ணன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ஆந்தை. தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம், "என்ன ஆந்தை, கண்ணு தெரியுதா?" என்று சிரிப்பான். தூரத்தில் இருந்துகொண்டு சிரிப்பதற்கென்ன, சிரிக்கலாம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, வெளிச்சம் கூசும், கொஞ்ச நாளைக்கு ஜன்னல்களை மூடி வையுங்கள் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்காக நீண்டது. இனித் திறக்கலாம் என்று அவரே சொல்லியும் அம்மா கேட்பதாயில்லை. ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்த மகள் வேலையை விட்டுவிட்டு அந்த இருட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள்.

மிஞ்சியது ஒரு டிஜிட்டல் கேமரா. நாற்காலி, தண்ணீர் டம்ளர், அம்மாவின் கை என்று அந்த அறையையே எடுத்துத் தள்ளினாள். கேமராவைப் பருப்பு டப்பாவின் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துவாள்.

அப்போதுதான் ஒரு நாடகக் குழுவுக்குப் படமெடுக்க ஆள் தேவை என்று பழைய முதலாளி சொல்லியனுப்பினார். ஊர் ஊராகப் போகிற வேலை. மேடையில் வெளிச்சம் மங்கல்; ஃபிளாஷ் அடித்தால் நடிக்கிறவர்களுக்குக் கவனம் சிதறும். மங்கலான இடத்தில் ஒரு முகத்தை எடுத்துச் சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொன்னார் குழுவின் மேலாளர். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குத் துணையாக வந்து இருப்பதாகச் சித்தியும் சொல்லிவிட்டாள். பழைய பெட்டியைத் தூசி தட்டிக் கதவருகே வைத்தாள்.

"ஒரு படம் எடுக்கணும்மா. வேலைக்கு."

அம்மா "ம்" என்றாள்.

கேமராவின் திரையில் அம்மாவின் முகம் அருமையாக வந்திருந்தது. கைபேசிக்கு மாற்றி அனுப்பினாள். உடனே மேலாளர் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, ஒரே கறுப்பா இருக்கு? லென்ஸ் மூடியக் கழட்டாமலே எடுத்திட்டியா?"

கேமராவோடு வாசலுக்கு ஓடினாள். வெயிலில் பார்த்தால் படத்தில் ஒன்றுமே இல்லை. இருட்டறையில் கேமராவின் திரை தானாகவே பளிச்சென்று தெரியும், அதை நம்பாதே என்பது ஸ்டூடியோவில் சேர்ந்தவுடன் சொல்லிக்கொடுத்தது. அதையே மறக்கும்படி அந்த மங்கல் அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. கைபேசியை மறுபடி காதில் வைத்தாள்.

"இன்னொண்ணு அனுப்பறேன் சார்."

"சீக்கிரம்மா. வேற ஆளும் கேட்டுட்டிருக்காங்க."

உள்ளே போய் கேமராவின் ஒளியுணர்வை, அந்த ஐஎஸ்ஓவை, உச்சத்துக்கு ஏற்றினாள்.

"ஆடாம இரும்மா."

இந்த முறை கேமராவின் திரை அவள் கண்ணையே கூசவைத்தது. படம் புள்ளிபுள்ளியாக இருந்தாலும் எல்லாம் தெரிந்தது. உரிந்த சுவர் தெரிந்தது. அம்மாவின் முகமும் தெரிந்தது. இத்தனை காலமாக நிழலாக மட்டுமே பார்த்த முகம். வெளிச்சத்துக்குக் கூசுகிற கண்களாக அவை இல்லை. விரியத் திறந்து, கதவருகே இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. கூட்டத்தில் கையை விட்டுவிட்ட குழந்தையின் பயம் அவற்றில் இருந்தது.

"நல்லா வந்திருக்கா?" என்றாள் அம்மா.

படத்தைக் கைபேசிக்கு மாற்றியவளின் கட்டைவிரல் அனுப்பும் பொத்தானின் மேலேயே நின்றது. மேலாளரின் அழைப்பு ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

"இல்லம்மா. இருட்டா விழுந்திருச்சு."

"போகட்டும் விடு," என்றாள் அம்மா. எவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்! மகளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. படத்தை அனுப்பவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை.

"அந்தப் பெட்டிய எடுத்துப் பரண்ல போட்டுடேன். கால்ல இடிக்குது," என்றாள் அம்மா.