டெல்லிக்குப் போன சாவி

அன்று பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் எங்கள் மாங்காய் ஷெட்டில் அப்பாவும் மாமாவும் நானும் இருந்தோம். அக்கா இல்லை. அவளுக்கு ஒன்பதாம் மாதம்; பிரசவத்துக்கு வர, எல்லைக்கு அந்தப் பக்கம் கோபாலபுரத்தில் புகுந்த வீட்டில் பையைக் கட்டிவைத்து எங்கள் காருக்காகக் காத்திருந்தாள். காரின் சாவியும் இல்லை.

காய் தரம் பிரிக்கும்போது, கையில் இருப்பதைப் பக்கத்துப் பெட்டியில் வைப்பது அப்பாவின் பழக்கம். மூக்குக்கண்ணாடி இரண்டு முறை அப்படிப் போய், லாரி ஏறுமுன் கிடைத்தது. இந்த முறை சாவி. எந்தப் பெட்டியில் என்று தெரியாது; லாரியும் டெல்லிக்குக் கிளம்பிவிட்டது.

"காரையும் அனுப்பிச்சுடுங்க மச்சான். சாவி கெடச்சவன் ஓட்டட்டும்" என்றார் மாமா.

பழைய கார், ஒரே சாவி. கம்பெனி இங்கே ஆலையை மூடிவிட்டு வெளிநாடு போனதால் மலிவாகக் கிடைத்தது. வாங்கச் சொன்னது நான். வீட்டில் முதலில் படித்தவன் பேச்சுக்கு மறுபேச்சில்லை. "கம்பெனி போனாலும் பார்ட்ஸ் தருவாங்கப்பா" என்று அப்போது சொன்னேன்.

"தோப்ப வித்தவன் ஊரை உட்டுப் போனா மரம் காய்க்காதா?" என்றார் அப்பா. அந்தத் தைரியத்தில்தான், சொந்தக் காரில் பெண்ணை அழைத்துப்போவதாகச் சம்பந்தியிடம் சொல்லியிருந்தார். இனி வாடகைக் கார் பிடித்தால் என் படிப்பின் மானம் போய்விடும்.

பாலக்காட்டில் ஷோரூம் இருந்த இடத்தில் மெத்தை விற்றார்கள். கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். சிப் வைத்த சாவி, கடல் தாண்டி வரவேண்டும் என்றார் ஒரு பெண், மிக மரியாதையாக.

"என்ன கண்ணு, தருவாங்களாமா?"

"தருவாங்களாம்பா. எப்பன்னுதான் சொல்லலீங்க."

"கொழந்தை பள்ளிக்கோடம் போறப்ப வந்துரும்" என்றார் மாமா.

மாலையில் அக்கா கூப்பிட்டாள். "ஏண்டா, நானும் மாங்கா லாரியிலயே வந்துரட்டுமா?"

மறுநாள், கோயம்புத்தூரில் அதே மாடல் கார் ஒன்றை உடைத்து விற்கிறார்கள் என்று மெக்கானிக் சொன்னார். அதன் சாவியையும், அந்தச் சாவியை அடையாளம் கண்டு இன்ஜினை ஓடவிடும் கம்ப்யூட்டர் பெட்டியையும் சேர்த்தே எங்கள் காருக்கு மாற்றிவிடலாமாம். அங்கே போனதும் அப்பா மாங்காய் மண்டிப் பழக்கத்தில் கைமேல் தோள்துண்டைப் போர்த்தி, கடைக்காரர் விரலைப் பிடித்து விலை பேசப் பார்த்தார்.

"ஏனுங்க, கூச்சமா இருக்குதுங்க. வாயால சொல்லுங்க!" என்று அவர் கையை இழுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அக்கா முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தாள். பெட்டி, சாவி, மெக்கானிக் கூலி, அந்தச் சாவியை அப்பா கழுத்தில் மாட்ட மாமா வாங்கிய கயிறு, எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.